வெள்ளரிப் பிஞ்சு மஞ்சளாகி உதிர்கிறது, தப்பிய காயும் கசக்கிறது: எங்கே தவறுகிறது?

கேள்வி இது: தொட்டியில் வைத்த வெள்ளரிக் கொடி ஆள் உயரம் ஏறிவிட்டது, பூவுக்கும் குறைவில்லை. ஆனால் பிஞ்சு சுண்டுவிரல் அளவு வந்ததும் மஞ்சளாகிச் சுருங்கி விழுகிறது. தப்பிய இரண்டு காய்களில் ஒன்று வளைந்திருந்தது, இன்னொன்று வாயில் வைக்க முடியாத கசப்பு. அடுத்த முறை விதையிலிருந்தே ஒழுங்காகச் செய்ய என்னென்ன கவனிக்க வேண்டும்?

உதிர்வது, வளைவது, கசப்பது என்று மூன்று கோளாறாகத் தெரிந்தாலும் வேர் ஒன்றுதான். வெள்ளரிக் கொடிக்குச் சேமிப்பு என்று எதுவும் கிடையாது. வேரில் பெரும்பகுதி மேல்மண்ணில் 20, 30 செ.மீ. ஆழத்துக்குள்ளேயே பரவும். இலை அகலம், மெலிது. வெயில் ஏற ஏறத் தண்ணீரை இறைத்துத் தள்ளும். காயில் 95 சதவீதம் தண்ணீர். பூ மலர்ந்த 8 முதல் 12 நாளில் காய் பறிப்புக்கு வந்துவிடும். இந்த வேகத்தில் ஓடுகிற கொடிக்கு ஒரு நாள் தண்ணீர் தவறினாலும், ஒரு காலையில் தேனீ வராமல் போனாலும், அது ஒரு வாரம் கழித்துக் காயில் வந்து தெரியும். கோணல் காயைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைக்கு என்ன தெளிக்கலாம் என்று யோசிப்பதால் பயனில்லை. போன வாரம் அந்தத் தொட்டிக்கு என்ன ஆனது என்று பின்னோக்கிப் பாருங்கள்.

உதிர்கிற பிஞ்சிலிருந்து தொடங்குகிறேன். வெள்ளரியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஆண் பூ கணுவில் கொத்தாக, மெல்லிய காம்பில் வரும். பெண் பூ பெரும்பாலும் ஒற்றையாக வரும். இதழுக்குக் கீழே சுணையும் குட்டி முள்ளும் படர்ந்த ஒரு பொடி வெள்ளரி முதல் நாளிலிருந்தே ஒட்டிக்கொண்டிருக்கும். "பிஞ்சு பிடித்துவிட்டது" என்று பலர் மகிழ்வது இதைப் பார்த்துத்தான். உண்மையில் அது மகரந்தத்துக்குக் காத்திருக்கும் சூல்பை, காய் இனிமேல்தான். மகரந்தம் சேர்ந்தால் இரண்டு மூன்று நாளில் தடித்து, பளபளப்பேறி, எடையில் கீழ்நோக்கிச் சாயும். சேராவிட்டால் நுனியிலிருந்து மஞ்சள் ஏறி, சுருங்கி, நான்கைந்து நாளில் உதிரும். நீங்கள் சொன்ன அடையாளம் இதற்கு அப்படியே பொருந்துகிறது.

சாதாரண ரகங்களில் முதல் வாரம் பத்து நாள் ஆண் பூவாகவே வந்து கொட்டும். அது நோயல்ல, கொடியின் வரிசையே அப்படித்தான். ஆண் பூ மலர்ந்த மறுநாள் விழுவதும் இயல்பு. பெண் பூவுக்கும் ஒரே ஒரு நாள்தான் ஆயுள், அதிலும் காலை வேளைதான் முக்கியம். அந்த நேரத்துக்குள் தேனீ பத்து முறையாவது வந்து போனால்தான் உள்ளே விதைகள் முழுக்கச் சூல்கொண்டு காய் நேராக நீளும். உயரமான கட்டடங்கள், வலை மூடிய பால்கனி, பூச்சிமருந்து அடித்த சுற்றுப்புறம், மழை விடாத காலை, இப்படிப்பட்ட இடங்களில் தேனீ வராது. அங்கே தேனீயின் வேலையை நாம் செய்ய வேண்டியதுதான்.

காலை 7 மணியிலிருந்து 10 மணிக்குள் கொடியருகே போங்கள். அன்றைக்கு மலர்ந்த ஆண் பூ ஒன்றைக் காம்போடு கிள்ளி, இதழ்களைப் பின்னுக்கு மடித்து உரித்துவிடுங்கள். நடுவில் குச்சி மாதிரி நிற்பதில் விரலைத் தொட்டுப் பாருங்கள். விரலில் மஞ்சள் தூள் ஒட்டினால் சரி. ஒட்டாவிட்டால் இன்னும் ஈரமாக இருக்கிறது, அரை மணி கழித்து வாருங்கள். பெண் பூவின் நடுவில் சூல்முடி மூன்று மடலாகப் பிரிந்து, லேசான பிசுபிசுப்போடு இருக்கும். ஆண் பூவை அதில் மெதுவாகச் சுழற்றித் தேயுங்கள், மூன்று மடலிலும் தூள் படட்டும். ஒரு பெண் பூவுக்கு இரண்டு ஆண் பூ கிடைத்தால் இன்னும் நல்லது. பெயின்ட் பிரஷ், பஞ்சுக்குச்சி எல்லாம் சொல்வார்கள். தூளில் பாதி அதிலேயே தங்கிவிடும். தேய்த்த பூவின் காம்பில் ஒரு நூலைத் தளர்வாகக் கட்டிவையுங்கள். மூன்றாம் நாள் நூல் கட்டியது தடித்து, கட்டாதது மஞ்சளானால் காரணம் தெளிவாகிவிடும். நூல் கட்டியதும் உதிர்ந்தால் குறை வேறு இடத்தில்.

அந்த வேறு இடங்கள்: வெப்பம் 35 டிகிரிக்கு மேல் பல நாள் நீடிப்பது, தழைச்சத்து கூடிக் கொடி இலையாகவே ஓடுவது, வெயில் ஐந்து மணி நேரத்துக்கும் குறைவாக விழுவது, தொட்டி ஒரு நடுப்பகல் காய்ந்துபோவது. இன்னொன்று கோளாறே அல்ல: கொடியில் ஏற்கெனவே நாலைந்து காய் பெருத்துக்கொண்டிருந்தால் புதிய பிஞ்சுகளைக் கொடியே கைவிடும். பெரிய காய்களைப் பறித்ததும் அடுத்தது நிற்கும்.

வளைந்த காயைத் தூக்கி எறியாமல் நீளவாக்கில் இரண்டாக வெட்டிப் பாருங்கள். பருத்த பகுதியில் விதை வரிசையாக இருந்து, சுருங்கிய பகுதியில் வெறும் வெள்ளைத் தோல்களாக இருந்தால் மகரந்தக் குறை. விதை சீராக இருந்தும் இடுப்புப் போல நடுவில் ஒடுங்கியிருந்தால், அந்தப் பகுதி வளர்ந்த நாளில் தண்ணீர் தவறியிருக்கிறது. சில சமயம் காய் வலையிலோ இலைக்காம்பிலோ மாட்டிக்கொண்டு வளைந்திருக்கும். அதற்கு மருந்து தேட வேண்டாம், பிஞ்சிலேயே எடுத்துத் தொங்கவிட்டால் போதும்.

இத்தனையும் சொன்ன பிறகு ஒரு பெரிய "ஆனால்" இருக்கிறது. இவையெல்லாம் சாதாரண ரகத்துக்கு. வெள்ளரி விதையில் மூன்று வகை புழக்கத்தில் உண்டு. கையில் இருப்பது எது என்று தெரியாமல் பராமரிப்பு பேசினால் பாதி அறிவுரை தலைகீழாகப் போய்விடும்.

முதல் வகை, ஆண் பூவும் பெண் பூவும் ஒரே கொடியில் வரும் சாதாரண ரகம். நாட்டு விதைகள் அநேகமாக இதுதான். இரண்டாவது, கிட்டத்தட்டப் பெண் பூவாகவே பூக்கும் வீரிய ஒட்டுரகம். உறையில் கைனோசியஸ் என்று போட்டிருக்கும். இதிலும் ஒரு பகுதிக்கு மகரந்தம் தேவை. அதனால் விதை நிறுவனங்கள் அதே உறையில் சாதாரண ரக விதை கொஞ்சம் கலந்து, அடையாளத்துக்கு வேறு சாயம் பூசியிருப்பார்கள். நிறம் மாறியிருக்கிறதே, கெட்டுப்போனதோ என்று அதைத் தூக்கிப்போடுகிறவர்கள் உண்டு. ஆண் பூவுக்கு இருக்கும் ஒரே வழி அதுதான், ஒன்றாவது முளைக்க வேண்டும். மூன்றாவது, மகரந்தமே இல்லாமல் காய்க்கும் ரகம். பார்த்தினோகார்பிக் என்று எழுதியிருக்கும். பசுமைக்குடிலில் விளையும் விதையற்ற மெல்லிய வெள்ளரிகள் இந்த வகை. இதற்குக் கையால் மகரந்தம் சேர்த்தால் தேவையில்லாமல் விதை பிடித்து, அடிப்பக்கம் பருத்து, காய் கோணலாகும்.

தேனீ எட்டிப்பார்க்காத பால்கனிக்கு மூன்றாவது வகையைத்தான் சொல்வேன். விதை விலை கூடுதல், ஆனால் தினமும் காலையில் பூவைத் தேய்க்கும் வேலை மிச்சம். திறந்த மாடிக்கும் தரைத் தோட்டத்துக்கும் முதல் வகை போதும், விதையும் நாமே எடுத்து வைத்துக்கொள்ளலாம். "வெள்ளரி" என்ற பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். வெள்ளரிப்பழம் என்று சொல்லப்படுவது முலாம்பழத்தின் இனம். வளர்ப்பு ஏறக்குறைய ஒன்றுதான் என்றாலும், பச்சையாகக் கடித்துத் தின்னும் காயை எதிர்பார்த்தவருக்கு ஏமாற்றம்.

கவாத்தும் இந்த வகையைப் பொறுத்ததே. இணையத்தில் எல்லோரும் சொல்லும் "3ஜி கட்டிங்" நினைவிருக்கும். முதன்மைத் தண்டின் நுனியைக் கிள்ளி, வரும் பக்கக் கிளையின் நுனியையும் கிள்ளி, மூன்றாம் தலைமுறைக் கிளையில் பெண் பூ வரவைப்பது. சாதாரண ரகத்தில் பெண் பூ பக்கக் கிளைகளில் அதிகம் வரும் என்பதால் இதில் அர்த்தம் இருக்கிறது. முதன்மைத் தண்டு பந்தல் உயரம் எட்டியதும் நுனியைக் கிள்ளினால் போதும், பக்கக் கிளைகள் தானாகக் கிளம்பும். ஆறு இலைக் கன்றிலேயே கிள்ளிவிட்டு, தெம்பில்லாத கொடியை வைத்துக்கொண்டு திண்டாட வேண்டாம். இரண்டாவது, மூன்றாவது வகையில் நிலைமை நேர் எதிர். அவை முதன்மைத் தண்டின் ஒவ்வொரு கணுவிலும் பெண் பூ வைக்கும். அதன் நுனியைக் கிள்ளுவது மகசூலைக் கிள்ளுவது. அவற்றில் முதல் ஐந்தாறு கணுக்களில் வரும் பூ, பக்கத் துளிர் இரண்டையும் நீக்கி, வேரும் தண்டும் பலப்பட்ட பிறகே காய்க்க விடுங்கள். அதற்கு மேலே வரும் பக்கக் கிளையை ஓரிலை, ஈரிலையோடு நிறுத்திவிடலாம்.

இனி கசப்பு. குக்கர்பிட்டசின் என்ற பொருள்தான் காரணம். வெள்ளரியின் இலையிலும் தண்டிலும் வேரிலும் அது இயல்பாகவே உண்டு, பூச்சிகளிடமிருந்து கொடிக்குத் தற்காப்பு. (அந்தக் கசப்பையே விரும்பித் தின்கிற வண்டும் இருக்கிறது என்பது வேறு கதை.) கொடி வாடும்போதும், வெப்பம் தகிக்கும்போதும், உரம் போதாதபோதும், காய் முற்றும்போதும் அது காய்க்குள் ஏறுகிறது. காம்புப் பக்கத்திலும் தோலுக்கு அடியிலும்தான் அதிகம் சேரும். லேசான கசப்பென்றால் காம்புப் பக்கம் இரண்டு மூன்று செ.மீ. வெட்டி எறிந்துவிட்டு, தோலைத் தடிமனாகச் சீவினால் மீதி தேறும். நாக்கைச் சுண்டியிழுக்கிற கசப்பென்றால் சாப்பிடவே வேண்டாம், வயிற்றைப் புரட்டிவிடும். பக்கத்தில் பாகற்காய் இருந்ததால் கசந்தது, முலாம்பழத்தோடு கலந்துவிட்டது என்பார்கள். நடக்காத காரியம். வெள்ளரிக்கு 7 இணை குரோமோசோம், முலாம்பழத்துக்கு 12, இரண்டும் கலப்பதில்லை. பாகல் அதைவிடத் தூரத்து உறவு. கசப்பே இல்லாத ரகங்களும் உண்டு, ஆனால் அதை நாடுவதற்கு முன் தண்ணீரைச் சரிசெய்யுங்கள்.

தண்ணீர் தொட்டியில் தொடங்குகிறது. ஒரு கொடிக்குக் குறைந்தது 20 லிட்டர் கொள்ளளவு, 30 செ.மீ. ஆழம். 10 லிட்டர் பையிலும் கொடி வளரும், பூக்கும். காய் பெருக்கும் நேரத்தில் நடுப்பகலுக்குள் மண் காய்ந்துவிடும். ஒரே பையில் மூன்று நான்கு கொடி விடுவது இன்னும் மோசம். கறுப்புப் பை வெயிலில் சூடேறி வேரை வேக வைக்கும். வெளிர்நிறப் பை வாங்குங்கள், இல்லாவிட்டால் மேற்கு வெயில் படும் பக்கத்தில் சாக்கைச் சுற்றிவிடுங்கள். அடியில் ஐந்தாறு துளைகள் வேண்டும். தண்ணீர் தேங்கிய வேரும் வாடும். வாடியதைப் பார்த்து மறுபடி தண்ணீர் ஊற்றினால் கதை முடிந்தது.

கலவை 20 லிட்டருக்கு: தோட்டத்து மண் 7 லிட்டர், நன்கு மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் 7 லிட்டர், கழுவிய தென்னைநார்க் கழிவு 6 லிட்டர், அதோடு வேப்பம் புண்ணாக்கு 100 கிராம். மண் களியாக இருந்தால் அதில் இரண்டு லிட்டரைக் குறைத்து ஆற்று மணல் சேருங்கள். தென்னைநார்க் கழிவை ஊறவைத்து, பிழிந்து, வடிகிற தண்ணீர் கடுங்காப்பி நிறத்திலிருந்து வெளிறும்வரை இரண்டு மூன்று தடவை அலசுங்கள். அதிலிருக்கும் உப்பை வெள்ளரி தாங்காது, இலை ஓரம் கருகும். மண்ணின் அமில, கார அளவான பி.எச். 6 முதல் 7 வரை சரியானது. கலவையை ஈரமாக்கிப் பத்து நாள் மூடிவைத்த பிறகு விதையுங்கள், புண்ணாக்கின் சூடு தணிந்திருக்கும். மக்காத சாணத்தை அவசரப்பட்டுப் போட வேண்டாம்.

விதைப்பில் சொல்ல அதிகமில்லை. மண் 25 முதல் 32 டிகிரி சூட்டில் இருந்தால் மூன்று நான்கு நாளில் முளைத்துவிடும். 16 டிகிரிக்குக் கீழே விதை அழுகும். ஒன்றரை செ.மீ. ஆழம், தொட்டிக்கு மூன்று விதை. ஊறவைப்பதானால் நான்கைந்து மணி நேரம் போதும். வெள்ளரிக்கு வேரைத் தொந்தரவு செய்தால் பிடிக்காது, ஆகவே நேராகத் தொட்டியிலேயே விதைப்பது உத்தமம். நாற்றுத்தான் வேண்டுமென்றால் காகிதக் கோப்பையில் ஒற்றை விதை போட்டு, வித்திலைக்கு மேல் இரண்டு உண்மையான இலை வந்ததும் கோப்பையைக் கிழித்து மண்கட்டி உடையாமல் வையுங்கள். மூன்றில் தெம்பான ஒன்றை நிறுத்திக்கொண்டு மற்றதைக் கத்தரிக்கோலால் மண்மட்டத்தில் வெட்டுங்கள். பிடுங்கினால் நிற்கிற கன்றின் வேரும் கூடவே வரும். தரையில் பந்தலோடு வைப்பதானால் கொடிக்குக் கொடி 30 செ.மீ., பந்தல் இல்லாமல் படரவிட்டால் 90 செ.மீ. இடைவெளி விடுங்கள்.

தண்ணீர் அளவைக் கேட்பவர்களுக்கு ஒரு எண் சொல்லத் தயக்கம்தான், இருந்தாலும்: கன்றுக்கு நாளைக்குக் கால் லிட்டர், கொடி ஓடும்போது ஒரு லிட்டர், காய்ப்பில் இரண்டு லிட்டர், கடும் வெயிலில் மூன்றுக்கு மேல்கூடப் போகும், அதைக் காலை மாலை என்று பிரித்துக் கொடுங்கள். எண்ணைவிட விரலை நம்புங்கள். ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விடுங்கள். நுனியில் ஈரமண் ஒட்டினால் வேண்டாம், உதிரியாக வந்தால் ஊற்றுங்கள். ஊற்றினால் அடித்துளையில் சொட்டும்வரை ஊற்ற வேண்டும். மேல்மண் மட்டும் நனைந்தால் வேர் மேலேயே வந்து தங்கி, அடுத்த வெயிலில் வதங்கும். மதியம் இலை தொய்வதைப் பார்த்துப் பதற வேண்டாம், மண்ணில் ஈரம் இருந்தும் தொய்யும். வேர் உறிஞ்சுவதைவிட இலை வேகமாக இழக்கிறது, அவ்வளவுதான். வெயில் இறங்கியதும் நிமிர்ந்தால் நலம். விடிகாலையிலும் தொய்ந்திருந்தால்தான் கவலை: ஒன்று மண் எலும்பாகக் காய்ந்திருக்கிறது, அல்லது வேர் அழுகுகிறது. மண்ணின்மேல் ஐந்து செ.மீ. கனத்துக்குக் காய்ந்த இலையோ வைக்கோலோ மூடாக்குப் போடுங்கள். நான் சொல்லும் எல்லாவற்றிலும் செலவு குறைந்து பலன் கூடியது இதுதான்.

வெப்பம் 35-ஐத் தாண்டும் நாட்களில் 35 அல்லது 50 சதவீத நிழல்வலையை மதியத்துக்கு மட்டும் இழுத்துவிடுங்கள். முழு நாளும் மூடிவைத்தால் பூவும் குறையும். வெள்ளரிக்குக் குறைந்தது ஆறு மணி நேர நேர்வெயில் தேவை.

உரம் விஷயத்தில் ஒரே எச்சரிக்கை: பூ வந்த பிறகு தழைச்சத்தை அள்ளிக் கொடுக்காதீர்கள். இலை யானைக்காது மாதிரி விரியும், கரும்பச்சையாக இருக்கும், ஆண் பூவாகக் கொட்டும். கொடி ஓடும்வரை பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மண்புழு உரம் இரண்டு கைப்பிடி. கரையும் உரம் பயன்படுத்துபவர் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்துகளின் சதவீதம்) லிட்டருக்கு 2 கிராம் வாரம் ஒருமுறை. காய் பிடித்ததும் சாம்பல்சத்து முக்கியம், 13:0:45 லிட்டருக்கு 2 கிராம் வாரம் ஒருமுறை. ரசாயனம் வேண்டாமென்றால் விறகுச் சாம்பல் தொட்டிக்கு ஒரு மேசைக்கரண்டி, இருபது நாளுக்கு ஒருதரம். அதற்கு மேல் போனால் மண் காரமாகிவிடும். காய்ந்த மண்ணில் எந்த உரமும் ஊற்றாதீர்கள், முதலில் வெறும் தண்ணீர். அடி இலைகளில் நரம்பு பச்சையாக நின்று நடுவில் மட்டும் மஞ்சளானால் மக்னீசியம் குறை: எப்சம் உப்பு லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை இலையில் தெளித்தால் புதிதாக வருவது தேறும்.

பந்தல் ஆடம்பரமல்ல. தரையில் கிடக்கும் காய் ஒருபக்கம் வெளிறும், அழுகும், கண்ணில் படாமல் முற்றும். 1.8 மீட்டர் உயரத்துக்கு 10 முதல் 15 செ.மீ. கண்ணுள்ள வலை போதும். கண் அதைவிடச் சிறிதானால் காய் இடையில் சிக்கி இறுகும். கொடியின் பற்றுக்கம்பி பிடித்துக்கொள்ள மெல்லிய கயிறுதான் வசதி, தடித்த மூங்கிலைச் சுற்றத் தடுமாறும். கன்று 25 செ.மீ. வந்ததும் முதல் கட்டை நாமே எட்டு வடிவில் தளர்வாகப் போட்டுக் கயிற்றில் ஏற்றிவிட வேண்டும். கம்பு ஊன்றுவதானால் விதைக்கும் அன்றே ஊன்றுங்கள்.

பூச்சிகளில் கன்றுப் பருவத்து எதிரி சிவப்பு வண்டு. வித்திலையை வட்ட வட்டமாகத் தின்று, இரண்டு நாளில் கன்றையே முடித்துவிடும். வெயில் ஏறுமுன் அது மந்தமாக இருக்கும். கீழே சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தைப் பிடித்து இலையைத் தட்டினால் விழுந்துவிடும். நாலு இலை வரும்வரை கொசுவலையால் மூடிவைத்தால் இந்தப் பேச்சே இல்லை. பூ வந்ததும் வலையை எடுத்துவிட மறக்காதீர்கள்.

காய்ப் பருவத்து எதிரி பழ ஈ. பிஞ்சின் தோலில் ஊசி குத்தியதுபோல் பழுப்புப் புள்ளி, அதிலிருந்து பிசின் துளி, அந்த இடத்தில் காய் மடங்கியிருக்கும். வெட்டினால் உள்ளே வெள்ளைப் புழு. முட்டை தோலுக்குள் இருப்பதால் மேலே தெளிப்பது எதுவும் அதை எட்டாது. மகரந்தம் சேர்ந்த மறுநாளே பிஞ்சுக்குக் காகித உறையோ நுண்வலைப் பையோ மாட்டிவிடுவதே நிச்சயமான வழி. குத்துப்பட்டதை மண்ணில் போடாதீர்கள், புழு மண்ணுக்குள் போய்க் கூடுகட்டி ஈயாகத் திரும்பி வரும். பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் வெயிலில் வையுங்கள். கியூலூர் பொறி ஆண் ஈயை மட்டும்தான் இழுக்கும், துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

அசுவினி, வெள்ளை ஈ, செம்பேன் இலையின் அடியில் இருக்கும். முதலில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள், பிறகு வேப்பெண்ணெய் 5 மி.லி., திரவ சோப்பு 1 மி.லி., ஒரு லிட்டர் தண்ணீர். அடி இலை நனைய, சூரியன் இறங்கிய பிறகு. வெள்ளரி இலை சீக்கிரம் கருகும், முதலில் ஒரே இலையில் தெளித்து ஒரு நாள் பாருங்கள். இலையில் பச்சையும் மஞ்சளும் திட்டுத் திட்டாகி, சுருண்டு, காய் கரடுமுரடானால் அது தேமல் நோய், வைரஸ். அசுவினி பரப்பும். மருந்து கிடையாது, அந்தக் கொடியைப் பிடுங்கிவிட வேண்டும். மனசு வராமல் வைத்திருந்தால் பக்கத்துத் தொட்டிக்கும் போகும். இலையில் வெள்ளைக் கோலம் போட்ட மாதிரி நெளிகோடு தெரிந்தால் இலைத்துளைப்பான், பெரிய சேதமில்லை, அந்த இலையைக் கிள்ளி எறியுங்கள்.

இரண்டு சாம்பல் நோய்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இலையின்மேல் மாவு தூவியதுபோல் வட்டமாக வெள்ளை படிந்து, விரலால் துடைத்தால் வந்தால் அது சாம்பல் நோய். இலை நனையாமலே, காற்றோட்டமில்லாத நெருக்கத்தில் வரும். பால் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து வாரம் இருமுறை வெயிலில் தெளித்தால் ஆரம்ப நிலையில் கட்டுப்படும். கந்தகம் தெளிப்பவர்கள் 32 டிகிரிக்கு மேலான நாளில் தெளிக்க வேண்டாம், இலை பொசுங்கும். மற்றொன்று அடிச்சாம்பல். இலையின் மேல்புறம் நரம்புகளுக்குள் அடங்கிய கட்டம் கட்டமான மஞ்சள், அதே இடத்தில் அடியில் விடிகாலையில் சாம்பலும் ஊதாவுமான பூஞ்சை. இது ஈரத்தில் பிறப்பது, இலையில் தண்ணீர் நின்றால் ஓரிரு வாரத்தில் கொடியையே காயவைக்கும். பால் இதற்கு உதவாது. பட்ட இலைகளை அகற்றி, மாலையில் தலைக்குமேல் தண்ணீர் தெளிக்கும் பழக்கத்தை நிறுத்தி, அடி இலைகளைக் கழித்துக் காற்று போக விடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் தாமிரப் பூஞ்சைக்கொல்லியை உறையில் சொன்ன அளவில்.

பறிப்பு விதைத்த 50 முதல் 65 நாளில் தொடங்கும். காய் ஒரே சீராகப் பச்சையாக, அழுத்தினால் விறைப்பாக இருக்கும்போதே எடுங்கள். குட்டை ரகம் 10, 12 செ.மீ., நீள ரகம் 20 செ.மீ. சுற்று. நாள் விட்டு நாள் கொடியை இலை விலக்கிப் பார்த்தே ஆக வேண்டும். ஒரு காய் மறைவில் மஞ்சளாகிவிட்டால் விதை தயார் என்று கொடி முடிவுகட்டி, புதுப் பூவைக் குறைத்துவிடும். முறுக்கி இழுக்காமல், காம்பு ஒரு செ.மீ. நிற்கக் கத்தரியுங்கள், காலையில் என்றால் காய் மொறுமொறுப்பாக இருக்கும். குளிர்பதனப் பெட்டியில் 10 டிகிரிக்குக் கீழே சில நாள் இருந்தால் தோல் குழிவிழுந்து நீர்த்துப்போகும், அதனால் குளிர் குறைந்த தட்டில், துணியில் சுற்றி வையுங்கள். வாழைப்பழம், தக்காளி பக்கத்தில் வைத்தால் சீக்கிரம் மஞ்சளாகும்.

விதை எடுப்பதானால் சாதாரண ரகத்தில் மட்டும். பருவம் முடியும்போது நல்ல கொடி ஒன்றில் ஒரு காயை விட்டு, பழுத்து மெத்தென்று ஆனதும் சதையோடு விதையை இரண்டு நாள் புளிக்கவைத்து, அலசி, அடியில் தங்குவதை நிழலில் காயவையுங்கள். ஐந்து வருடம் வரை முளைக்கும்.

உங்கள் இப்போதைய கொடிக்கு: தொட்டி 20 லிட்டருக்குக் குறைவென்றால் இந்தப் பருவத்தில் மாற்ற முடியாது, வேர் தாங்காது, மூடாக்குப் போட்டு, தண்ணீரை இருவேளையாக்கி, நாளைக் காலை நாலு பெண் பூவுக்கு நூல் கட்டிப் பாருங்கள். விதை உறை இன்னும் இருந்தால் அதில் பார்த்தினோகார்பிக் என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பூவில் கை வையுங்கள். கொடி எப்படியும் இரண்டரை, மூன்று மாதத்தில் ஓய்ந்துவிடும். அதனால் இன்றே இன்னொரு தொட்டியில் மூன்று விதை போடுங்கள். இது தளரும்போது அது ஓடத் தொடங்கியிருக்கும். பழைய கொடியைப் பிடுங்கும்போது வேரை உதறிப் பாருங்கள். மணி மணியாக முடிச்சு இருந்தால் நூற்புழு. அந்த மண்ணில் மறுபடி வெள்ளரியோ பூசணி வகையோ வைக்காதீர்கள்.